மீனுக்குக் காற்று

1.

இந்தக் கதை எனக்குத் தாம்பரத்தில், நான் நின்றுகொண்டே போன ஒரு பேருந்தில் கிடைத்தது. ஜன்னலோர இடம் பிடித்த ஒருவர், தண்ணீர் கட்டிய பிளாஸ்டிக் கவரைக் காற்றுப் படும்படி கம்பியருகே தூக்கிப் பிடித்திருந்தார். அவர் முகத்துக்கு வரவேண்டிய காற்றெல்லாம் கவருக்குப் போனது. கேட்டதற்கு, "மீனு சார். சூடாவக் கூடாது" என்றார். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. மற்றதெல்லாம் நான் கட்டியது.

2.

முதல் தொடக்கம்: அனகாபுத்தூரில் அன்று வெயில் தார்ச்சாலையை உருக்கி

(சென்னைக் கதைகள் எல்லாமே வெயிலில்தான் தொடங்குகின்றன. விட்டுவிட்டேன்.)

இரண்டாவது: குள்ள சிக்லிட் என்பது விரல் நீளம்கூட வளராத, வண்ணமயமான

(பாடப் புத்தகம். இதுவும் வேண்டாம்.)

ஆளிலிருந்தே தொடங்குகிறேன். உமருக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் உலையடி வேலை. இரும்பைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்குவது. உலகத்தில் எதுவும் சூட்டில்தான் உருப்படும் என்பது அவன் நம்பிக்கை. அதனால் வீட்டில் குள்ள சிக்லிட் வளர்த்த மீன்தொட்டியிலும் ஹீட்டரைக் கூட்டித் திருகி வைத்தான். குஞ்சுகள் மளமளவென்று வளர்ந்தன. வளர்ந்த பிறகு பார்த்தால் அத்தனையும் ஆண். ஒன்றையொன்று கடித்துக் குதறின.

மேற்குத் தாம்பரத்தில் மீன்கடை வைத்திருந்த ஹில்டா அக்கா சிரித்தாள். "குஞ்சா கீறப்போ தண்ணி சூடா இருந்துச்சுன்னா ஆம்பளைங்கதான் ஜாஸ்தி வரும், உமரு. பொண்ணு வோணும்னா கொஞ்சம் ஜில்லுனு வையி. நீ இன்னா, குழம்பா கொதிக்க வெச்ச?"

3.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் ஈட்டுக் குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய வாரமே தாய்மீன் செத்துப்போனது. இந்த ஜாதி இனி வரத்து இல்லை என்று ஹில்டா கைவிரித்துவிட்டாள். குஞ்சுகளில் ஒரு பெண்ணாவது தேறினால்தான் வம்சம்.

உமரின் மனைவி பரிதா ஜாக்கெட் தைப்பவள். சிமெண்டு ஷீட் கூரை போட்ட வீட்டில் ஒரே ஜன்னல். ஜன்னலடியில் தொட்டி, அடுப்படி இருட்டில் தையல் மிஷின். இந்த ஈட்டிலும் பெண் வரவில்லையென்றால் தொட்டி வெளியே, மிஷின் ஜன்னலடிக்கு. பேச்சு முடிந்துவிட்டது.

ஆக, ஏப்ரல் மாதத்தில் உமர் தண்ணீரைக் குளிர்விக்க ஆரம்பித்தான். முதல் நாள் உலையடி வழக்கப்படி ஐஸ் கட்டியை அப்படியே முக்கினான். குஞ்சுகள் பக்கவாட்டில் சாய்ந்தன. ஹில்டா போனிலேயே கிழித்தாள். அப்புறம்தான் புத்தி வந்து, வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனைத் தொட்டிப் பக்கம் திருப்பினான். புருஷனும் பெண்டாட்டியும் வேர்த்து வழிந்தார்கள்.

(முதல் பிரதியில் பரிதாவை வில்லியாக்கி, ஃபேனை அணைக்க வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். மீனுக்குக் காற்றும் மனுஷிக்கு வேர்வையும் வந்த வீட்டில் எவளாக இருந்தாலும் பல்லைக் கடிக்கத்தான் செய்வாள். அதற்கு வில்லத்தனம் வேண்டியதில்லை.)

4.

அது மின்வெட்டு வருஷம், இரண்டாயிரத்து எட்டு. ஒரு மதியம் உமர் கேன்டீனிலிருந்து போன் அடித்தான்.

"கரண்ட்டு போச்சா?"

"போச்சு."

"தண்ணி எப்டி கீது?"

"தொட்டிக்குள்ளதான் கீது."

வைத்துவிட்டாள். அவள் சும்மா இருந்தாலே போதும், ஜன்னல் அவளுக்கு.

(இங்கே மூன்று வழி. அவள் பேசாமல் தைத்துக்கொண்டிருந்தாள். அல்லது ஐஸைக் கொட்டி மொத்தத்தையும் முடித்தாள். அல்லது கீழே உள்ளது.)

உமர் வந்து பார்த்தபோது, பெருநாளைக்கு எடுத்த அவனுடைய புதுக் கைலி சொட்டச் சொட்ட நனைந்து தொட்டியைச் சுற்றியிருந்தது. பரிதா கையில் விசிறி.

அவளுக்கு வாயில்லாத ஜீவன்மேல் இரக்கம் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். பொய். ஒரு குஞ்சு செத்தாலும் இவன் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவான் என்று அவளுக்குத் தெரியும். கைலியைக் கேட்டதற்கு, தன் புடவையை நனைக்க அவளுக்கென்ன கிறுக்கா என்று கேட்டாள்.

5.

குஞ்சுகள் பெரிதாயின. நீலம் ஓடிய ஆண்களுக்கு நடுவே ஒன்று மட்டும் சின்னதாக, மஞ்சளாக. பெண்தான் என்று உமர் தெருவெல்லாம் சொல்லிவந்தான். ஹில்டா அக்கா வந்து, கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள். சோப்ளாங்கி ஆண்களும் அடிக்குப் பயந்து பெண் மாதிரி மஞ்சள் பூசிக்கொண்டு திரியுமாம். முட்டை போட்டால்தான் உறுதி என்றாள்.

பரிதா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வந்து குனிந்தாள்.

"ஒரு வேலையும் செய்யாம மூலையில நிக்குது. சாப்பாடு போட்டா மொத ஆளா வருது. ஆம்பளதாங்க இது."

6.

அந்த மீன் என்னவென்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். சொன்னால் அந்த வீட்டில் ஒருவருக்கு ஜன்னல் போய்விடும். வேண்டுமானால் கடைசி வரியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது, அந்த ஃபேனை யார் பக்கம் திருப்பி வைக்கிறீர்கள் என்பதை மட்டும்...