செக்கர் மகளின் வலது கண்

தையல் ஆலையில் எல்லாரும் அவளைச் செக்கர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நீள மேசையின் கோடியில் உட்கார்ந்து, தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பது அவள் வேலை. காலர் முனையில் ஒரே ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தைத்தவளின் மடியிலேயே திருப்பி எறிவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் என்று மேனேஜரே சொல்லுவார். செக்கர்களுக்கு வருஷா வருஷம் கம்பெனியில் கண் பரிசோதனை உண்டு. பன்னிரண்டு வருஷத்தில் அதை அவள் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை.

வீட்டில் இரண்டு பெண்கள். பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு நாலு. புருஷன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவன். மாதத்தில் ஐந்து நாள் வீட்டில் தங்கினால் அதிகம். ஆகவே வளர்ப்பதும் அடிப்பதும் அவள் ஒருத்தி கையில்தான்.

அடியெல்லாம் பெரியவளுக்கு. தம்ளரில் தண்ணீர் ஊற்றச் சொன்னால் பாதியைத் தம்ளருக்கு வெளியே ஊற்றுவாள். படி முடிந்துவிட்டதென்று நினைத்துக் காலை வைத்து உருண்டு விழுவாள். பந்தைத் தூக்கிப் போட்டால் கை ஒரு பக்கம் போக, பந்து நேராக மூக்கில் வந்து மோதும். அம்மா அவளுக்கு வைத்த பெயர் தட்டுமுட்டு. "எங்க வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்லயே இதுதான் பெருசு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவர்களோடு சேர்ந்து பெரியவளும் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்துவைப்பாள்.

பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனைக்குச் சம்மதம் கேட்டு மூன்று தடவை தாள் வந்தது. முதல் தடவை, "முழி நல்லா குண்டு குண்டாத்தானே இருக்கு? போனா கண்ணாடி மாட்டாம விடுவாங்களா? அப்புறம் சோடாபுட்டின்னு கூப்பிடுவாங்க, அந்தப் பேரும் சேர்ந்துக்கும்" என்று கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினாள். இரண்டாம் தடவை மறந்துபோனாள். மூன்றாம் தடவை பெரியவளே தாளை நீட்டி, "போட்டுக் கொடும்மா, எல்லாரும் போறாங்க" என்று கெஞ்சினாள்.

"பாடத்துக்கு மட்டம் போட வழி தேடுறியா?" என்று அம்மா தாளை இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சீருடையில் பொத்தான் விழுந்திருந்தது. "நீயே தை. பத்து வயசாச்சு" என்று ஊசியையும் நூலையும் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பெரியவள் நூலை நாக்கில் ஈரம் பண்ணிக் குறி பார்த்துக் குத்தினாள். நூல் ஊசிக்கு முன்னால் போனது. அடுத்த தடவை பின்னால் போனது. அம்மா வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள். ஒன்பது வந்தபோது பெரியவள் ஊசியை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். பத்துக்கு நூல் ஊசியைத் தொடவேயில்லை.

"ஊரு குத்தத்தையெல்லாம் கண்டுபிடிக்கிறேன், எனக்குன்னு வந்து பொறந்திருக்கு பாரு!" என்று கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அடி கொஞ்சம் மேலே பட்டது. மோதிரத்தின் முனை இடது கண்ணைக் கீறிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"கதவுல இடிச்சுக்கிட்டா. எப்பவும் கண்ணு மண்ணு தெரியாமதான் ஓடுவா."

"அப்படியா பாப்பா?"

"ஆமா டாக்டர். கதவு" என்றாள் பெரியவள். யோசிக்கக்கூட இல்லை. இவ்வளவு சரளமாகப் பொய் சொல்ல இவள் எப்போது பழகினாள் என்று அம்மாவுக்கே திக்கென்றது.

கீறல் மூன்று நாளில் ஆறிவிடும் என்றாள் டாக்டரம்மா. மருந்து விட்டு, பஞ்சு வைத்து இடது கண்ணை மூடிக் கட்டினாள். பிறகு, "சரி, இந்தக் கண்ணால அந்தப் போர்டைப் பாரு. முதல் எழுத்து என்ன?" என்றாள்.

"எந்தப் போர்டு?"

"நடிக்காதடி" என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"நீங்க கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்றாள் டாக்டரம்மா. குரல் மாறியிருந்தது. விரல்களை நீட்டியபடி அடி அடியாகக் கிட்டே வந்தாள். கை எட்டும் தூரத்துக்கு வந்த பிறகுதான் பெரியவள் மெதுவாக, "மூணா?" என்றாள்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டு, லென்ஸுகளை மாற்றி மாற்றிப் பார்த்த பிறகு டாக்டரம்மா சொன்னாள். வலது கண்ணில் சின்ன வயதிலிருந்தே பவர் அதிகம். மூளை இடது கண்ணை மட்டும் நம்பி வலதை ஒதுக்கிவிட்டது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் எது கிட்டே, எது தூரம் என்று ஒற்றைக் கண்ணால் சரியாகக் கணிக்க முடியாது.

"தண்ணி ஊத்தினா வெளியே கொட்டுவாளா? படி தவறுவாளா?"

அம்மா மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். "ஊசி கோக்கவும் வராது டாக்டர்" என்று பெரியவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

"ஏன் பாப்பா யார்கிட்டயும் சொல்லல?"

"எல்லாருக்கும் இப்படித்தான்னு நினைச்சேன். ஒரு கண்ணு பார்க்கிறதுக்கு, இன்னொண்ணு மூஞ்சிக்கு."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாள். "நாலஞ்சு வயசுல கண்டுபிடிச்சிருந்தா, கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மறைச்சு வெச்சே பெரும்பாலும் சரி பண்ணியிருக்கலாம். இப்பவும் பண்ணிப் பார்ப்போம். ஆனா முழுசா வரும்னு சொல்ல மாட்டேன். ஏம்மா, ஸ்கூல்ல ஒரு தடவைகூடப் பரிசோதனை வெக்கலையா?"

"எங்க ஸ்கூல்ல அதெல்லாம் வெக்கிறதே இல்லைங்க" என்றாள் அம்மா.

கட்டுப் போட்ட முகம் அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பியது.

மறுநாள் ஆலையில் அவளால் ஒரு சட்டையையும் ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த பெரியவள் நிமிர்ந்து, "யாரு?" என்று கேட்டாள். இவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "பக்கத்து வீட்டு அக்காவா? அம்மா வேலைக்குப் போயிருக்காங்களே."

அழத்தான் வந்தது. வாயில் வந்ததோ வேறு. "பெத்த தாயைக்கூடவா தெரியல?" என்று கத்திவிட்டாள்.

பெரியவள் சட்டென்று சுவரோரம் ஒடுங்கிக்கொண்டாள். "நீ பேசினாத்தானேம்மா தெரியும்" என்றாள்.

கூடப் பிறந்தவர்களுக்கும் இது இருக்கக்கூடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் சின்னவளையும் அந்த வாரமே கூட்டிப்போனார்கள். அவளுக்கும் அதே கோளாறு, அதே வலது கண்ணில். ஆனால் வயது நாலு. இருவருக்கும் கண்ணாடி வந்தது. நல்ல கண்ணில் ஒட்டுகிற பட்டையும் வந்தது. சின்னவள் பட்டையைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாள். அவளை மடியில் போட்டு, விளையாட்டுக் காட்டித் தினமும் ஒட்டிவிட்டது பெரியவள்தான். தன்னுடையதையும் சுவர்க் கண்ணாடியில் பார்த்துத் தானே ஒட்டிக்கொண்டாள். அம்மாவைக் கேட்கவில்லை.

ஒரு வருஷம் போனது. ஆஸ்பத்திரிப் போர்டில் சின்னவள் இரண்டு கண்ணாலும் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று சொல்லிவிட்டாள். பெரியவள் வலது கண்ணால் மூன்றாவது வரியில் நின்றாள். முந்தைய இரண்டு தடவையும் அதே வரிதான்.

"இதுக்கு மேல ஏறாதுன்னு நினைக்கிறேன். இடது கண்ணைப் பத்திரமா பார்த்துக்கோ" என்றாள் டாக்டரம்மா.

"சரி டாக்டர். தங்கச்சியை அடுத்து எப்பக் கூட்டிட்டு வரணும்?" என்று பெரியவள் கேட்டு, தேதியை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

வராந்தாவில் வரும்போது அம்மா, "நான் லீவு போட்டுக் கூட்டிட்டு வரேன்டி" என்றாள்.

"வேணாம்மா. அப்பாவை வரச் சொல்றேன். நீ மாட்டேன்னுடுவ."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மழை வருகிறது, குடை எடுத்துக்கொள் என்பதுபோல அவள் சொன்னாள். செக்கர் அக்காவுக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்தது. மகளின் மூக்கில் கண்ணாடி நழுவிக் கோணலாக நின்றது. அதைச் சரிசெய்யக் கையை நீட்டினாள்.

பெரியவள் வெடுக்கென்று பின்னால் நகர்ந்து, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.