ஓரினின் வயிறும் மான்களின் வயலும்

மூன்று பெண்மான்கள் க்ளோவர் தழையை மேய்ந்துவிட்டுப் போன செப்டம்பர் மாலையில், அறுபது கஜம் தள்ளிச் சமையலறை ஜன்னலருகே உட்கார்ந்திருந்த ஓரின் க்வாமேவுக்கு வயிறு நிறைந்தது. அன்று மதியம் மனைவி ஆர்டிஸ் வைத்த உருளைக்கிழங்கு சூப்பை அவன் தொட்டிருக்கவில்லை. மார்ச்சில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததிலிருந்தே நாக்கில் ருசி இல்லையென்று இரண்டு வாய்க்கு மேல் விழுங்க மறுத்து, நாற்பது பவுண்டு இளைத்திருந்தான். இப்படியே போனால் கிறிஸ்துமஸைப் பார்க்க மாட்டான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மாலை அவன் ஏப்பம் விட்டு, "பச்சையா, நல்லாருந்துச்சு" என்றான். திங்கட்கிழமை இரண்டு பவுண்டு கூடியிருந்தது. டாக்டர் வேறு எடைப் பொறியில் நிறுத்திப் பார்த்தார். அதிலும் அப்படித்தான்.

மான்களுக்கென்று பயிர் வைப்பது எங்கள் பக்கத்தில் ஆண்களின் வேலை. காட்டோரத்தில், துப்பாக்கியோடு ஏறி உட்காரும் பரணுக்கு எதிரே வைப்பார்கள். ஓரினும் முப்பது வருடம் அப்படித்தான் வைத்தான். இனி அவனால் பரண் ஏற முடியாது, மானையாவது பார்க்கட்டும் என்றுதான் ஆர்டிஸ் அந்த ஏப்ரலில் ஜன்னலுக்கு எதிரே அரை ஏக்கர் உழுதாள். "மண்ணு புளிச்சுக் கெடக்கு, ஆர்டிஸ். சுண்ணாம்பு போடாம வெதச்சா காக்காவுக்குத்தான் விருந்து" என்றான் விதைக்கடை வெர்லின். கோடை முடியும்வரை க்ளோவர், அக்டோபருக்கு ஓட்ஸ், உறைபனி விழுந்த பிறகு இனிக்கிற டர்னிப் கிழங்கு என்று அவனே பிரித்துக் கொடுத்தான். மான் எவ்வளவு தின்கிறது என்று தெரிய வயலின் நடுவில் கம்பிவலையை வட்டமாக நட்டு, உள்ளே விளைவதைத் தொடாமல் விட வேண்டும். எல்லோரும் செய்வதுதான். அவளும் நட்டாள்.

நவம்பரில் முதல் கடும் உறைபனி விழுந்த மறுநாள் மான்கள் டர்னிப் இலைக்கு வந்தன. "இனிப்பு" என்றான் ஓரின், கண்ணை மூடிக்கொண்டு. ஆர்டிஸ் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். முப்பத்தெட்டு வருடச் சமையலில் அவளுக்குக் கிடைக்காத சொல் அது. சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. உண்மையில் அவளுக்கு அந்த மான்கள் மேல் பொறாமையாக இருந்தது.

வேட்டை தொடங்கும் சனிக்கிழமை ஓரினின் தம்பி லீலண்ட் வழக்கம்போலத் துப்பாக்கியோடு வந்தான்.

"அதுல ஒண்ண சுட்டா ஒங்க அண்ணன் பட்டினி கெடப்பாரு" என்றாள் ஆர்டிஸ்.

"கல்யாணமான நாள்லேருந்து கெடக்குறாரே, புதுசா என்ன?"

"அப்ப நீ எதுக்கு வருஷாவருஷம் என் வீட்டுல ரெண்டு தட்டு தின்ன?"

லீலண்ட் ஜன்னல் வழியே அண்ணனின் உப்பிய கன்னங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஓடைக்கு அந்தப்பக்கம் போய் உட்கார்ந்தான். வேட்டைக் காலத்தின் ஒன்பது நாளும் அங்கேயே இருந்தான். கிறிஸ்துமஸுக்கு ஓரின் தானே கோட்டுக்குப் பித்தான் போட்டுக்கொண்டான்.

பிப்ரவரியில் பனி இடுப்பளவு ஏறியது. வயல் மொட்டையாகிவிட்டதால் மான்கள் தேவதாரு மரங்கள் அடர்ந்த சதுப்புக்குள் போய் ஒடுங்கிக்கொண்டன. எட்டு நாளில் ஓரினின் கோட்டு மறுபடி தொளதொளத்தது. ஆர்டிஸ் கொண்டைக்கடலை வரை எல்லாம் சமைத்துப் பார்த்தாள். அவன் மரியாதையாகத் தட்டைத் தள்ளி வைத்தான். ஒன்பதாம் நாள் அவள் மண்வெட்டியோடு கம்பிவலைக்குப் போனாள். வயலில் மிச்சமிருந்தது அதற்குள் விளைந்தது மட்டும்தான். வலையைப் பிடுங்கி, பனியைத் தோண்டி, ஒரு டர்னிப்பைக் கையுறையில் துடைத்து, அங்கேயே மண்டியிட்டுக் கடித்தாள். யாருக்கும் பரிமாற எழுந்து போகாமல் ஒரு பொருளை முழுதாக மென்று எத்தனை வருடமாயிற்று என்று யோசித்தாள். விடை கிடைக்கும் முன் கிழங்கு முடிந்துவிட்டது.

உள்ளே வந்தபோது ஓரினின் கன்னம் சிவந்திருந்தது. "கொஞ்சம் காரம்" என்றான். "இன்னொண்ணு தின்னு, ஆர்டிஸ்."

அதன்பின் தினமும் நான்கு மணிக்கு அவள் வயலில் மண்டியிடுவாள். சாலையில் போகிறவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரல் தூக்கி வணக்கம் காட்டிவிட்டுப் போவார்கள். பனி உருகும்வரை கிழங்கு தாங்கியது.

ஏப்ரலில் அவள் விதைக்கடைக்குப் போனாள். வெர்லின் விதை அள்ளும் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, "மானுக்குப் பழைய லிஸ்ட்டே போட்டுடறேன். ஒனக்கு என்ன புடிக்கும்?" என்று கேட்டான். அப்படி யாரும் அவளிடம் கேட்டதில்லை. பின்னால் இரண்டு பேர் காத்திருக்க, அவள் நெடுநேரம் யோசித்தாள். பிறகு பட்டாணி என்றாள்.

ஓரினுக்குப் பட்டாணி பிடிக்காது. வெர்லின் பதினைந்து பவுண்டு அள்ளிப் போட்டான்.