சுவருக்கு அந்தப் பக்கம்

பகல் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போதே மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா சொல்லிவிட்டார், புயல் வருவதாக ரேடியோவில் அறிவித்திருக்கிறார்கள் என்று.

"எடுத்தது போதும், வீட்டுக்குப் போங்க. ஸ்டோர்ல கரண்ட நிப்பாட்டப் போறாங்க. கூரைய நல்லா கட்டி வச்சுக்குங்க."

காளியாயி ஓட்டமும் நடையுமாகத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்கு வந்தாள். புருஷன் கணேசமூர்த்தி சுகமில்லாத அண்ணனைப் பார்க்கக் காலையில் கொட்டகலைக்குப் போயிருந்தான். இனி பஸ் ஓடாது என்று வழியில் பேசிக்கொண்டார்கள். வீட்டில் அவளும் நாலு வயது பூரணியும்தான்.

விறகை உள்ளே கொண்டுவந்து சுவரோரம் அடுக்கினாள். குடங்களில் தண்ணீர் நிரப்பினாள். குப்பி லாம்புக்கு மண்ணெண்ணெய் ஊற்றினாள். நாலு ரொட்டி சுட்டுத் துணியில் சுற்றி வைத்தாள். தலைக்கு மேல் தகரம் இப்போதே படபடக்கத் தொடங்கியிருந்தது.

கூரைக்குக் கம்பி போட வேண்டும். அது முதுகோடு முதுகு ஒட்டிய லயம். ஒரே கூரைதான் இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும். முகட்டுக்கு மேலாக எறிகிற கம்பியை அந்தப் பக்கத்து ராக்காயி பிடித்துக் கட்டினால்தான் உண்டு. ராக்காயியோடு பேச்சு நின்று இரண்டு வருடம். காளியாயியின் கைக்குழந்தை காய்ச்சலில் போனபோது, "நேரத்தோட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா பொழைச்சிருக்கும்" என்று நாலு பேர் முன்னால் சொன்னவள் அவள்.

நடுச்சுவர் கூரை வரை எட்டாது. அந்த இடைவெளியைப் பார்த்துக் காளியாயி கூப்பிட்டாள்.

"ராக்காயிக்கா. கம்பி எறியுறேன். புடிச்சுக் கட்டுறீங்களா?"

"எறி" என்று மட்டும் பதில் வந்தது. அவள் வெளியே போய் எறிந்த கம்பி அந்தப் பக்கம் இழுபட்டு இறுகியது.

நாலு மணிக்கெல்லாம் மலை இருண்டுவிட்டது. பள்ளத்தில் தேயிலை அரைக்கும் ஸ்டோரின் விளக்குகள் ஒரேயடியாக அணைந்தன. காற்று மழையையும் சேர்த்து வாரிக்கொண்டு நேராகக் காளியாயியின் பக்கத்தில் மோதியது. லயத்துக் கோடி வீட்டில் தகரம் பிய்ந்து போகும் சத்தமும் அலறலும் கேட்டன. லாம்பு அவிந்தது. பூரணி தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நடுங்கினாள். மேலே மரச் சட்டம் ஒன்று முறிந்து தொங்கியது.

"ஒம் பக்கம் தாங்காது," ராக்காயியின் குரல் சுவருக்கு மேலிருந்து வந்தது. "புள்ளய இங்கிட்டுக் குடு."

காளியாயி விறகின் மேல் ஏறினாள். இருட்டில் இரண்டு கைகள் நீண்டிருந்தன. பிள்ளையை விட மனம் வரவில்லை. அந்த வாய் சொன்ன சொல் அந்த நேரத்திலும் காதில் கேட்டது. அதற்குள் ஓரத்துத் தகரம் ஒன்று பிய்ந்து பறந்தது. அவள் பூரணியைத் தூக்கி அந்தக் கைகளில் கொடுத்தாள். பிறகு தானும் பற்றி ஏறி அந்தப் பக்கம் விழுந்தாள். பின்னாலேயே அவளுடைய கூரை மொத்தமாகச் சரிந்தது. ராக்காயியின் பக்கம் ஆடியது, ஆனால் நின்றது.

விடியும்வரை காற்று ஓயவில்லை. பூரணி ராக்காயியின் மடியிலேயே தூங்கிப்போனாள். காளியாயி பிள்ளையின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

காலையில் கணேசமூர்த்தி நடந்தே வந்து சேர்ந்தான். கூரையில்லாத தன் வீட்டுக் காம்பராவைக் கண்டு அவன் இருவர் பேரையும் சொல்லிக் கதறுவது கேட்டது. காளியாயி தட்டுத்தடுமாறி எழுந்தாள்.

ராக்காயிதான் பதில் கொடுத்தாள்.

"இங்கிட்டு வாங்க தம்பி. ரெண்டு பேரும் இங்கதான் இருக்காங்க."