எதிர்த்தரப்பு

“இப்படிக் கொஞ்சிக் கொஞ்சிப் பேசினா எப்படி? நீ இப்ப என் பொண்டாட்டி இல்ல, மேஸ்திரி. நல்லா விரட்டிப் பேசு” என்றார் அவர், தலையணையில் சாய்ந்தபடி.

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டிலுக்கு எதிரே நின்றாள். குளியலறை கட்டிய மேஸ்திரி மேல் அவர் போட்ட வழக்குக்கு மறுநாள் கோர்ட்டில் விசாரணை. சின்ன வழக்குதான், வக்கீல் வேண்டாம், நானே பேசிக்கொள்கிறேன் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். இதயம் பலவீனப்பட்டதிலிருந்து நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு நின்று வந்தது. அதனால்தான் இந்த ஒத்திகை. அவர் கேள்வி கேட்பார். மேஸ்திரி என்னவெல்லாம் சொல்லித் தப்பிப்பார் என்று யோசித்து அவள் பதில் சொல்ல வேண்டும்.

“குளியலறைத் தரைக்கு வாட்டம் எங்கய்யா? ஊத்துற தண்ணி சாக்கடைக்குப் போகாம என் படுக்கையறைச் சுவத்துல ஏறுதே!”

“எல்லா வீட்டுலயும் கொஞ்சம் ஈரம் இருக்கும் சார்.”

“கொஞ்சமா? சுவத்துல சாஞ்சா சட்டை நனையுது!”

“கழட்டிட்டுச் சாயுங்க.”

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாயிற்று. இருமி முடித்ததும், “அடிப்பாவி, இத்தனை வருஷம் இதையெல்லாம் எங்க வெச்சிருந்தே?” என்றார்.

“பேச விட்டீங்களா?”

“சரி, மறுபடி. விடாதே என்னை.”

அவளுக்கும் சூடு பிடித்துவிட்டது. ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மற்றதை நீட்டினாள். “அவசரப்படுத்தினது யாரு சார்? தரை காயறதுக்கு முன்னாடியே குளிக்க உக்காந்தது யாரு? உங்களுக்கு முடியலைன்னா அதுக்கு ஊரே ஓடணுமா? இது முழுக்க உங்களால வந்த வினை!”

அவர் தலையணையில் இன்னும் சரிந்தார். கண்ணை மூடியிருந்தார். பதில் தேடுகிறார் என்று நினைத்தாள்.

“என்ன சார், வாயடைச்சுப் போச்சா?”

கேட்டுவிட்டு, நீட்டிய கையை மடக்காமலே காத்திருந்தாள்.

டாக்டர் வந்து பார்த்து, போர்வையை முகம்வரை இழுத்துவிட்டுப் போனார். மகள் ஓடி வந்தாள். கட்டிலோடு அவரைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கே உட்கார இடமில்லை.

நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். “எங்கண்ணன் குடுத்து வெச்சவரு அண்ணி. ஆஸ்பத்திரியில அநாதையாக் கிடக்காம, உங்க குரலைக் கேட்டுக்கிட்டே போயிட்டாரு. கடைசியா என்ன பேசிக்கிட்டிருந்தீங்க?”

“சும்மா… வீட்டு விஷயம்.”

“நாளைக்கு யாரும் போக வேணாம்மா. கேஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்” என்றாள் மகள். அவள் தலையாட்டினாள். யார் எது சொன்னாலும் ஆட்டினாள்.

பொழுது சாய்கையில் மேஸ்திரி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றார்.

“எந்த முகத்தோட வந்தீங்க?” என்று மகள் சீறினாள்.

“நீ சும்மா இரு.” அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். “ஒண்ணு கேக்கணும் மேஸ்திரி. நாளைக்குக் கோர்ட்டுல என்ன சொல்றதா இருந்தீங்க?”

“இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?”

“சொல்லுங்க. அவருதான் அவசரப்படுத்தினாரு, எல்லாம் அவரால வந்ததுன்னு சொல்லியிருப்பீங்க. சொல்லியிருப்பீங்கதானே?” குரலில் கெஞ்சல் ஏறியிருந்தது.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “முடியாத மனுஷன்மா. அவரைப் போய் அப்படிச் சொல்வேனா? வாட்டம் தப்பாப் போட்டது நான்தான். ஒத்துக்கிட்டு, உடைச்சுத் திரும்பப் போட்டுத் தர்றேன்னு சொல்லத்தான் இருந்தேன். முன்னாடியே வந்து சொல்லியிருக்கணும். ரோஷம் விடல.”

“ஒரு வார்த்தைகூட எதிர்த்துச் சொல்லியிருக்க மாட்டீங்க?”

“மாட்டேம்மா.”

அவள் உள்ளே திரும்பினாள். யாரோ நகர்ந்து வழிவிட்டார்கள். அலமாரியிலிருந்து சீப்பை எடுத்து வந்து, அவர் முகத்துக்கு எதிரே நின்று குனிந்து, அவருக்குத் தலை சீவினாள். வகிடு பக்கம் மாறி விழுந்தது.

“அம்மா, அப்பாவுக்கு அந்தப் பக்கம்” என்றாள் மகள்.

அவள் கலைத்தாள். கட்டிலைச் சுற்றித் தலைமாட்டுக்குப் போனாள். அவர் பார்த்துப் படுத்திருந்த பக்கமே தானும் பார்த்து நின்று, முதலிலிருந்து சீவத் தொடங்கினாள்.