பின்பக்கக் கசிவு

அலர்மேல்மங்கையின் கணினிக்குள் ஐம்பது வயர்லெஸ் கருவிகள் இருந்தன. நிஜத்தில் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் புரோகிராமில் எழுதிய புள்ளிகள். நாலாபக்கமும் பரப்பாமல், டார்ச் அடிப்பதுபோல் ஒரே திசையில் ஆண்டெனாவைத் திருப்பிவைத்து அலையை அனுப்பினால் ஒன்றின் பேச்சு மற்றதைக் கெடுக்காது, நாற்பது சதவீதம் கூடுதலாகத் தகவல் போகும். ஆறு வருட ஆராய்ச்சியில் அவள் கண்டது அதுதான்.

ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு மாதம் இருக்கையில் தப்பு கண்ணில் பட்டது. எந்த ஆண்டெனாவும் முன்னால் மட்டும் அனுப்புவதில்லை. முதுகுப்பக்கமும் கொஞ்சம் கசியும். அந்த இடத்தில் அவள் பூஜ்யம் போட்டிருந்தாள். சரியான எண்ணைப் போட்டு மூன்று நாள் ஓட்டினாள். நாற்பது பதினொன்றாக இறங்கியது.

நெறியாளர் ஹாலாஸ்யம் அந்த நாற்பதை ஏற்கெனவே இரண்டு கருத்தரங்குகளில் காட்டியிருந்தார். அவள் கொண்டுபோன புதிய வரைபடத்தை மடித்து அவளிடமே நீட்டினார்.

"பின்னாடி கசியறதை யாரும்மா கேக்கப் போறா? பூஜ்யமாவே இருக்கட்டும். உனக்கு டிகிரி வேணுமா, வேண்டாமா?"

வேண்டும். அவள் பாடம் நடத்தும் கல்லூரியில் அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் டாக்டர் பட்டம் வாங்கி அவளுக்கே மேலதிகாரி ஆகிவிட்டார்கள். நெறியாளர் பேச்சைத்தானே கேட்கிறோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். விளாங்குடி பஸ்ஸில் நின்றபடி வரும்போது அது பொய் என்று தெரிந்தது. அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் அவள் போயிருந்தாள்.

வாய்மொழித் தேர்வன்று, வழக்கப்படி, டிபன் அவள் செலவு. கணவன் ஹரிநாராயணன் சிம்மக்கல்லிலிருந்து இனிப்பும் வடையும் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினான். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மெதுவாகத்தான் கேட்டார், பின்பக்கம் கசிவு எவ்வளவு என்று.

"பூஜ்யம் சார்."

"அந்த ஆண்டெனா எந்தக் கடையிலம்மா கிடைக்குது? எனக்கும் ஒண்ணு வாங்கணும்."

அறை சிரித்தது. அவள் ஹாலாஸ்யத்தைப் பார்த்தாள். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன் சார். பொண்ணு அவசரப்பட்டுட்டா."

சரியான வரைபடம் அவள் பையில் இருந்தது. வெளியே எடுத்தால், தெரியாதவள் அல்ல என்று காட்டலாம். தெரிந்தே மறைத்தவள் என்றும் ஆகிவிடும். ஜிப்பில் வைத்த கை அங்கேயே இருந்தது.

திருத்திக்கொண்டு வர ஆறு மாதம் கொடுத்தார்கள். பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். ஹாலாஸ்யம் இன்னொரு வடை எடுத்துக்கொண்டு எந்தக் கடை என்று ஹரிநாராயணனிடம் விசாரித்தார்.

திரும்பும்போது ஆட்டோவில் அவன் கேட்டான், "ஆறு மாசத்துல முடிஞ்சிருமா?"

"முடிஞ்சிரும்."

வேலை முடிந்தே இருந்தது. இனி செய்ய வேண்டியது ஒன்றுதான். வாராவாரம் ஹாலாஸ்யத்தின் எதிரில் போய் உட்கார்ந்து, அந்தப் பதினொன்றை இப்போதுதான் கண்டுபிடித்தவள்போல் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்ட வேண்டும். அவரும் முதல்முறை பார்ப்பவர்போல் தலையாட்டுவார். வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார்.