நீள சைக்கிளும் ஒரு சாக்பீஸ் வட்டமும்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பொய்யிலிருந்து வந்தது. வாய் திறந்து சொன்ன பொய் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்த பொய். பதினான்கு மாதமாக மூடிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். என் அக்காவின் கணவர் வெல்டர். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். அவரும் நானும் சேர்ந்து வீட்டிலேயே ஒரு சைக்கிள் செய்தோம். ஆள் நீளத்துக்கு இழுத்து, தரையோடு தரையாகத் தாழ்த்திய சைக்கிள். அது நடுரோட்டில் இரண்டாக உடைந்தது. ஓட்டிக்கொண்டிருந்த அக்கா விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். தன் வேலைதான் விட்டுப்போனது என்று அத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். தப்பு என்னுடையது.

முடிவைத்தான் சொல்லிவிட்டாயே, இனி எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். இது முடிவு இல்லை. முடிவு எனக்கே தெரியாது. தெரிந்திருந்தால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

2.

எழுதி அடித்த தொடக்கங்களை மறைக்காமல் வைக்கிறேன்.

முதலாவது: "நான் ஒரு சைக்கிள் செய்தேன்." அடித்தேன். நான் எங்கே செய்தேன்? பிடி என்றால் பிடித்தேன், எடு என்றால் எடுத்தேன். பத்துக்குப் பன்னிரண்டு ஸ்பானர் எது என்று கேட்டால் முழித்தேன்.

இரண்டாவது: "இரும்பும் நெருப்பும் சந்திக்கும் இடத்தில் மனிதன் தன்" – இதற்கு மேல் பேனா நகரவில்லை. அத்தான் படித்தால் "எந்த மனுஷன்?" என்று கேட்பார்.

[ஓரக்குறிப்பு: என் கதைகளை முதலில் படிப்பவர் அத்தான்தான். கையில் பென்சில் இல்லாமல் படிக்க மாட்டார். ஒருமுறை என் கதாநாயகன் செருப்புக் காலோடு வெல்டிங் வைத்தான். பக்கத்து ஓரத்தில், 'கால் பொசுங்கிடும் மாப்ளே, ஷூ மாட்டி விடு' என்று எழுதியிருந்தார். பத்திரிகை ஆசிரியர்கள் யாரும் என் பாத்திரங்களின் காலைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டதில்லை.]

மூன்றாவது: "கவனக்குறைவான பெயிண்டர் ஒருவர் இருந்தார்." இவரைப் பற்றி நான்காம் பகுதியில் சொல்கிறேன். வெட்கக்கேடான ஆள். அதாவது, நான்.

3.

சைக்கிளைப் பற்றி எழுதும்போது மட்டும் எனக்குக் கை கூசவில்லை.

வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரம் போட்ட ஒரு சந்து இருக்கிறது. ஒரு பக்கம் துணி துவைக்கும் மெஷின், மறுபக்கம் பழைய கட்டில் சட்டம். அங்கேதான் வேலை. இரண்டு பழைய சைக்கிள்களை வெட்டினோம். ஒன்றின் முன்பாதியையும் மற்றதன் பின்பாதியையும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்து, நடுவில் புதுக் குழாய் கொடுத்து நீட்டினோம். ஒரு செயின் எட்டவில்லை. இரண்டை இணைத்தும் எட்டாமல் மூன்றாவதிலிருந்து ஒரு சாண் வெட்டினோம். பின்சக்கரத்துக்கு மேல் வாழைப்பழம் போல நீண்டு வளைந்த சீட்டு. கைப்பிடி தோள் உயரத்துக்கு எழும்பி நின்றது. பெடல் அவ்வளவு தாழ்வு, திருப்பத்தில் மிதித்தால் தரையை உரசும்.

அக்கா பஸ் ஓட்டுபவள். வேலை முடிந்து வந்து, சந்தின் வாசலில் இடுப்பில் கை வைத்துப் பார்ப்பாள்.

"இதுல ஏறினா உக்காரணுமா, படுத்துக்கணுமா?"

"சாஞ்சுக்கணும்" என்றார் அத்தான்.

"அப்போ தலகாணியும் சேர்த்து வெல்டு வெச்சிடுங்க. டெப்போ போற வழியிலயே தூங்கிக்கலாம்."

அத்தான் வேலை செய்யும் முறையைச் சொல்லியாக வேண்டும். கதை அதில்தான் நிற்கிறது. ஒவ்வொரு இணைப்பிலும் முதலில் நான்கு இடத்தில் புள்ளி மாதிரி வெல்டு மட்டும் வைப்பார். கோணல் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்ப்பார். சரியாக இருந்தால்தான் சுற்றிவர முழுவதும் வெல்டை ஓட்டுவார்.

"புள்ளி சும்மா புடிச்சுக்கறதுக்குத்தான் மாப்ளே. ஆள் வெயிட்ட அது தாங்காது."

புள்ளியோடு நிற்கும் இணைப்பைச் சுற்றி சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிடுவார். முழுவதும் ஓட்டிய பிறகு அந்த வட்டத்தைக் கட்டைவிரலால் அவரே அழிப்பார். வட்டம் இருந்தால் வேலை பாக்கி. வட்டம் இல்லையென்றால் முடிந்தது. பட்டறையிலும் அப்படித்தான், வீட்டுக் கேட்டுக்கும் அப்படித்தான். இருபது வருஷப் பழக்கம். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும்.

4.

இப்போது அந்தப் பெயிண்டர்.

மூன்றாம் வரைவில் அவரை உண்டாக்கினேன். அத்தான் அவசர வேலைக்குப் போயிருக்கும்போது வந்து, சாக்பீஸ் வட்டத்தைக் கவனிக்காமல் இணைப்பின் மேல் பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்துவிட்டுப் போகிறவர். அவருக்கு ஓயாத இருமல் கொடுத்தேன். ஒரு காதில் பென்சில், மறு காதில் பாதி சிகரெட். பேசும்போது ஆளைப் பார்க்க மாட்டார். பாத்திரம் பிரமாதமாக வந்தது. படிக்கிற யாருக்கும் அவரை நாலு அறை அறையத் தோன்றும்.

எழுதி முடித்துவிட்டுத் திருப்தியாகத் தேநீர் போடப் போனேன். தண்ணீர் கொதிக்கும்போதுதான் உறைத்தது. அத்தான் இதைப் படித்து அந்தப் பெயிண்டர் மேல் கோபப்படுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமா அத்தான், என்ன மாதிரி ஆளுங்க பாருங்க" என்பேன். சொல்லக்கூடியவன்தான் நான்.

பெயிண்டரை நீக்கிவிட்டேன். அவர் இருந்த இடத்தில் எல்லாம் 'நான்' என்று போட்டேன். இருமலை மட்டும் எடுத்துவிட்டேன்.

5.

ஆக, நடந்தது. பெடலுக்குக் கீழே இருந்த இணைப்பில் நான்கு புள்ளிதான் இருந்தது. அத்தானை அவசரமாக அவர் வேலை பார்க்கும் ஆலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மூன்று நாள் தொடர் வேலை. அந்த மூன்று நாளில் நான் பெயிண்ட் அடித்தேன். வட்டத்தைக் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இப்படிப்பட்ட சைக்கிள்களின் ஊர்வலம். கிளம்புவதற்கு முன்னால் அக்கா, "பஸ்ஸையே ஓட்டறேன், இத ஓட்ட மாட்டேனா?" என்று ஏறிக்கொண்டாள். தெருமுனை வரை ராணி மாதிரி சாய்ந்துகொண்டு போனாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கை தட்டினார்கள். அத்தான் என் தோளில் கை போட்டுக்கொண்டு, "பாரேன், மிதக்குது" என்றார். வேகத்தடையில் முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறும்போது

[இந்த வாக்கியத்தை ஆறு விதமாக முடித்துப் பார்த்தேன். ஆறிலும் சத்தம்தான் வருகிறது. அக்கா கத்தவே இல்லை.]

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுவிட்டு வந்ததும் அத்தான் சந்துக்குப் போய் உடைந்த குழாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பட்டியைச் சுரண்டினார். உள்ளே நான்கு புள்ளி.

"ஓட்டவே இல்ல, மாப்ளே. ஓட்டிட்டேன்னே நெனச்சுட்டு இருந்தேன். எப்படி மறந்தேன்?"

நான் பக்கத்தில் நின்றேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அதுதான் நான் கேட்டது.

7.

அக்கா மூன்று மாதத்தில் மறுபடி பஸ் ஏறிவிட்டாள். மழை வந்தால் மணிக்கட்டு வலிக்கிறது, அவ்வளவுதான். அத்தான்தான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஆலையில் அழுத்தக் குழாய்களுக்கு வெல்டிங் வைக்க ஒரு தேர்வு உண்டு. அதற்காக ஐந்து வருஷம் பழகினார். போன வருஷம் தேர்வன்று வயிற்று வலி என்று வீட்டில் படுத்துக்கொண்டார். இப்போது இரும்புக் கேட்டும் கிராதியும்தான் செய்கிறார். அதையும் முடித்துவிட்டு, நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனைக் கூப்பிட்டு, "பாத்து சொல்லுப்பா, எங்கயாவது விட்டிருக்கேனா?" என்று கேட்கிறாராம். இதை எனக்குச் சொன்னது அவர் இல்லை, அவருடைய போர்மேன்.

இந்த வருஷத் தேர்வுக்கும் போர்மேன் அவரிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். நாளை திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அது பிரிட்ஜ் மேல் மடித்தபடியே கிடக்கிறது.

"நீயாவது சொல்லேன்டா" என்றாள் அக்கா. "நான் சொன்னா, உன் கைய ஒடச்ச கையி இதுங்கறாரு. நான் என்னன்னு சொல்றது? நீ சொன்னா கேப்பாரு. உன் மேல உசுரு அவருக்கு."

அதனால்தான் எழுதினேன் அக்கா. முகத்தைப் பார்த்துச் சொல்லத் துப்பில்லாதவன் வேறு என்ன செய்வான்?

8.

இந்தப் பகுதி அத்தானிடம் கொடுத்த தாள்களில் இல்லை. இப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஞாயிறு பிற்பகல். அவர் சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஒன்று முதல் ஏழு வரை படித்துக்கொண்டிருக்கிறார். நான் அடுத்த அறையில் இருக்கிறேன். நடுவில் ஒரு கதவு, எட்டடித் தூரம்.

முதல் தாளில் ஒரு இருமல். மூன்றாம் பகுதியில், தலையணை வரும் இடத்தில் என்று நினைக்கிறேன், லேசாகச் சிரித்தார். அதன் பிறகு நாற்காலிகூடச் சத்தம் போடவில்லை.

காத்திருக்கும் நேரத்தில் முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. அவர் வந்து என் தோளைத் தட்டி, "விடு மாப்ளே" என்கிறார். (எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது. என் மேலேயே எனக்கு இரக்கம். அடித்துவிட்டேன்.)

ஆ. அவர் எழுந்து விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறார். என்னிடம் பேசுவதில்லை, இனி எப்போதும்.

இ. அவருக்கு எல்லாம் முதலிலிருந்தே தெரியும். (இதைவிடச் சோம்பேறித்தனமான முடிவு கிடையாது. அவருக்கு முதலிலேயே தெரியும் என்றால் நான் பதினான்கு மாதம் செய்தது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். எவ்வளவு வசதி!)

முடிவு ஈ எழுதத் தொடங்கியபோது சமையலறையிலிருந்து குரல் வந்தது. கோபக் குரல் இல்லை. பட்டறையில் அளவு கேட்கும் குரல்.

"மாப்ளே. அஞ்சுக்கு அப்புறம் ஏழு வருதே. ஆறு எங்க?"

வெல்டர் அல்லவா. இணைப்பில் இடைவெளி இருந்தால் அவர் கண்ணுக்குத் தப்புமா?

ஆறு என் சட்டைப் பையில் இருக்கிறது. ஒரே தாள். கொடுக்கத்தான் எழுதினேன், கொடுக்கும்போது உருவிவிட்டேன். யோசித்துப் பாருங்கள், இப்போது அவரிடம் இருப்பதே அவருக்குப் போதும். அவர் மறக்கவில்லை, நான்தான் கவனக்குறைவாகப் பூசிவிட்டேன் என்று தெரிந்துவிட்டது. நாளை கையெழுத்துப் போடலாம். ஆறைக் கொடுத்தால் அவருக்கு ஒரு மைத்துனன் குறைவான். அதைத் தவிர யாருக்கு என்ன லாபம்? நியாயமாகத்தானே பேசுகிறேன்? இப்படித்தான் பதினான்கு மாதமும் நியாயமாகப் பேசினேன்.

"எண் மாத்திப் போட்டுட்டேன் அத்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவர் நம்பிவிடுவார்.

தாளை முதலில் உங்களிடம் தருகிறேன். நீங்கள் படித்து முடிப்பதற்குள் நான் அந்த எட்டடியை நடந்திருப்பேனா, எண்ணை மாற்றிச் சொல்லியிருப்பேனா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். என்னைவிட உங்களுக்கு என்னைப் பற்றி இப்போது நன்றாகத் தெரியும்.

6.

வட்டத்தைப் பார்த்தேன்.

புதன்கிழமை காலை, பெடலுக்குக் கீழே, வெள்ளை வெளேரென்று இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தால் அதில் ஒருவன் நான். ஊர்வலத்துக்கு ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டேன். படிவத்தில் 'வடிவமைத்துச் செய்தவர்' என்ற இடத்தில் என் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். பெயிண்ட் காய இரண்டு நாள் வேண்டும். அத்தான் வரச் சனிக்கிழமை ஆகும். போன் செய்து கேட்டிருக்கலாம், போன் கையில்தான் இருந்தது. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை.

சட்டத்தின் மேல் ஏறி நின்று இரண்டு முறை குதித்தேன். தாங்கியது. இறங்கி, வட்டத்தைக் கட்டைவிரலால் அழித்தேன். துணி பக்கத்திலேயே இருந்தது. ஆனாலும் கட்டைவிரலால்தான் அழித்தேன், அவர் அழிப்பது போலவே.

சனிக்கிழமை அவர் வந்தார். மூன்று நாள் தூக்கம் இல்லாத கண். "அடடா, பெயிண்டே அடிச்சிட்டியா!" என்று சந்தோஷப்பட்டார். குனிந்து, அந்த இணைப்பை விரலால் தடவினார். பட்டி வழவழவென்று இருந்தது. சற்று யோசித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இத ஓட்டிட்டுத்தானே போனேன்?"

"ஆமா அத்தான்" என்றேன்.

வாய் திறந்து பொய் சொல்லவில்லை என்று முதல் பகுதியில் எழுதியிருக்கிறேன். வட்டத்தைக் கவனிக்கவில்லை என்று ஐந்தாம் பகுதியில் எழுதியிருக்கிறேன். இரண்டையும் நான் திருத்தவில்லை. பென்சில் அவரிடம் இருக்கிறது.