முதலாளியின் மூக்கு

விடியும் முன்பே தொட்டியைச் சூடேற்றியாக வேண்டும். அறுபது டிகிரிக்குக் கீழே அதிலுள்ள அமிலம் வேலைக்காகாது. ஏழு மணிக்கு ஆட்கள் வரும்போது அது தயாராக இல்லாவிட்டால் அன்றைய பொழுது போச்சு. அதனால் ஐந்து மணிக்கே ஷட்டரைத் தூக்குவார் தொட்டிக்காரர். அவருடைய சொந்தப் பெயரை யாரும் கூப்பிட்டு நாளாயிற்று. ரப்பர் ஏப்ரன், முழங்கைவரை கையுறை, முகத்துக்கு முன்னால் கீறல் விழுந்த கண்ணாடித் தகடு. ஹீட்டரைப் போட்டுவிட்டு நீளத் துடுப்பால் கலக்கத் தொடங்குவார். கந்தக அமிலமும் பாஸ்பாரிக் அமிலமும் சேர்ந்து எண்ணெய் மாதிரிக் கெட்டியாகக் கிடக்கும். கலக்கக் கலக்கத் தோள்பட்டை கழன்றுவிடுகிற மாதிரி வலிக்கும்.

அங்கே நடப்பது மெருகேற்றும் வேலை. தேய்க்காமல், உரசாமல், மின்சாரத்தால் ஏற்றுகிற மெருகு. மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிற எஃகு வால்வுகளைச் சட்டகத்தில் மாட்டி, அமிலத்துக்குள் இறக்கி, மின்சாரத்தை விட்டால் மேல் தோல் மயிரிழையைவிட மெல்லிசாகக் கரையும். பத்து நிமிஷத்தில் மங்கிக் கிடந்த எஃகில் முகம் பார்க்கலாம். நேரம் கூடினால் அளவு போய்விடும், குறைந்தால் மெருகு வராது. சும்மா சொல்லக் கூடாது, பதினாறு வருஷத்தில் தொட்டிக்காரர் கையால் ஒரு உருப்படி வீணானதில்லை.

மின்சாரம் ஓடும்போது தொட்டி குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் குமிழிகளோடு கிளம்பும் அமில ஆவியை இழுத்து வெளியே தள்ளத்தான் மேலே எக்ஸாஸ்ட் ஃபேன். இரண்டு மாதமாக அது சுற்றவில்லை. வால்வு வாங்குகிற கம்பெனியிலிருந்து பார்வையிட ஆள் வந்தால் சுற்றும். அவர்கள் கார் தெருமுனை திரும்பினால் நின்றுவிடும்.

நிறுத்திய வாரமே பெண்கள் முறையிட்டார்கள். வால்வைச் சட்டகத்தின் கொக்கியில் மாட்டுவது, கழுவுவது, துடைப்பது எல்லாம் பெண்கள்தான், மொத்தம் பத்துப் பேர். அவர்களில் மூத்தவளான கொக்கி அக்கா முன்னால் நின்று பேசினாள்.

“நெஞ்செல்லாம் எரியுது சார். நாத்தம் தாங்கல.”

முதலாளி கோபக்காரர் அல்ல, குரலே உயராது. மூக்கில் கைக்குட்டையை வைத்தபடி வாசலிலேயே நின்றார்.

“ஃபேனைப் போட்டா தொட்டியில இருக்கிற சூட்டையும் சேர்த்து இழுத்துடுதும்மா. கரண்ட் யாருக்குக் கட்டுப்படியாகும்? இவர் பதினாறு வருஷமா தொட்டி மேலயே நிக்கிறார், இவரைக் கேளுங்க. ஏங்க, உங்களுக்கு நாத்தம் அடிக்குதா?”

தொட்டிக்காரர் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார். மனசாட்சிப்படிதான் பார்த்தார், பாவி மனிதர்.

“எனக்கு ஒண்ணும் தெரியலையே சார்.”

அன்றோடு அவருக்கும் பெண்களுக்கும் பேச்சு அறுந்தது. அவருக்கு முதலாளி மூக்கு என்று பெயர் விழுந்தது. பத்துப் பேரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில் அவருக்கென்று ஒரு மூலை இருந்தது, அது அடைபட்டுப் போயிற்று. காலி டிரம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, சுவரைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிட்டார். பின்னால் சிரிப்பு கேட்கும். டப்பாவைக் கழுவ அவர் எழுந்து போனால் நின்றுவிடும். நான் உள்ளதைத்தானே சொன்னேன், இவர்களுக்கு என்ன கேடு என்று அவருக்கும் வீம்பு.

வீட்டிலாவது பேச ஆள் உண்டா என்றால் அதுவும் இல்லை. மனைவி போய் நாலு வருஷம். ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு டிரங்குப் பெட்டி. சில நாள் தெருமுனைக் கடையில் சோப்பு கேட்டதுதான் காலையிலிருந்து அவர் வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தையாக இருக்கும்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் தங்கை வந்தாள். வந்தவள் நிலைப்படியைத் தாண்டவில்லை.

“என்னண்ணா, உள்ள என்ன செத்துக் கிடக்கு?”

“ஒண்ணுமில்லையே, வா.”

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு போய்க் கட்டிலை இழுத்தாள். எலி. செத்து மூன்று நாளாவது ஆகியிருக்கும். அந்த மூன்று நாளும் அதற்கு இரண்டு முழம் மேலே அண்ணன்காரர் நிம்மதியாகக் குறட்டை விட்டிருக்கிறார்.

தங்கை திட்டிக்கொண்டே எலியை அள்ளிக் கொட்டினாள். தரையைக் கழுவினாள். பெட்டியைத் திறந்து துணிகளை உதறினாள். அடியில் அண்ணியின் கம்பளிச் சால்வை இருந்தது. அதை முகத்தில் வைத்துப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணி வாசம் இன்னும் போகலைண்ணா. அப்படியே இருக்கு.”

தொட்டிக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். மனைவி போன புதிதில் தினமும் அந்தச் சால்வையை எடுத்து முகர்ந்துவிட்டுத்தான் படுப்பார். போன வருஷம் ஒரு நாள் எடுத்தபோது அதில் ஒன்றுமே இல்லை. துணிதானே, எத்தனை காலம் தாங்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மடித்து அடியில் வைத்தவர்தான், பிறகு தொடவில்லை. இப்போது தங்கையின் கையிலிருந்து பிடுங்கி, முகத்தைப் புதைத்து, நெஞ்சு வலிக்க இழுத்தார். வெறும் கம்பளி. வாசம் எங்கேயும் போகவில்லை, மூக்குதான் போயிருக்கிறது. தங்கை முதுகைத் தடவத் தடவ அவர் அழுதுகொண்டே இருந்தார்.

மறுநாளும் ஐந்து மணிக்கு ஷட்டரைத் தூக்கினார். வேறு போக்கு ஏது? எட்டு மணி வாக்கில், மெருகேறி வந்த சட்டகத்தைக் கழுவிவிட்டுக் கொக்கி அக்கா குனிந்து வால்வுகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பளபளவென்றிருந்த ஒரு வால்வின்மேல் சொட்டென்று ரத்தம் விழுந்தது. அவள் மூக்கிலிருந்துதான். துடைக்கத் துடைக்க வந்தது. மற்ற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். முதலாளி வந்தார், கைக்குட்டையோடு.

“உடம்புச் சூடும்மா அது. தண்ணி நிறையக் குடி. நாத்தம் கீத்தம்னு ஆரம்பிக்காதீங்க. இவர் நிக்கலையா? ஏங்க, நீங்களே சொல்லுங்க.”

தொட்டிக்காரர் முகத் தகட்டைக் கழற்றினார். உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். ஐம்பத்தைந்து வயதில் யார் வேலை கொடுப்பார்கள்? இந்தத் தொட்டியும் இல்லையென்றால் பகலெல்லாம் அந்த ஒற்றை அறைதான். கொக்கி அக்காவின் மேலுதட்டில் ரத்தம் படிந்திருந்ததைப் பார்த்தார்.

“ஏம்மா, அந்தத் தின்னர் பாட்டிலையும் தண்ணி பாட்டிலையும் எடுத்துட்டு வாங்க” என்றார் அவளிடம். “கண்ணை மூடிக்கிறேன். ஏதாவது ஒண்ணைத் திறந்து என் மூக்குக்கிட்ட வைங்க.”

“இது என்ன புது நாடகம்?” என்றாள் அவள். ஆனாலும் எடுத்து வந்தாள். வால்வில் ஒட்டிய வார்னிஷைக் கழுவுகிற தின்னர் அது. மூடியைத் திறந்ததுமே நாலடி தள்ளி நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் ஆழமாக இழுத்தார்.

“தண்ணி” என்றார்.

கொக்கி அக்கா பாட்டிலை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் கண்ணைத் திறந்து அவள் கையில் இருந்ததைப் பார்த்தார். “அன்னிக்கு நான் பொய் சொல்லலம்மா. எனக்கு எதுவுமே தெரியாதுன்னு நேத்துதான் எனக்கே தெரிஞ்சுது.” பிறகு முதலாளி பக்கம் திரும்பினார். “ஃபேன் ஓடினப்பவே என் மூக்கு போச்சு சார். ஃபேன் இல்லாம இவங்களுக்கு என்னென்ன போகும்னு நீங்களே சொல்லுங்க.”

முதலாளி கைக்குட்டையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். “இதை முன்னாடியே சொல்லியிருக்கணும். மூக்கு போன ஆளை அமிலத்துக்கிட்ட நிறுத்தினா நாளைக்கு யார் பதில் சொல்றது? நீங்க வீட்டுக்குப் போங்க. நான் வேற ஆளைப் பார்த்துக்கிறேன்.”

எதிர்பார்த்ததுதான். தொட்டிக்காரர் மின்சாரத்தை நிறுத்தினார், ஹீட்டரை அணைத்தார், ஏப்ரன் முடிச்சில் கை வைத்தார்.

“அண்ணே, அவிழ்க்காதீங்க” என்றாள் கொக்கி அக்கா. முதலாளியிடம் அவள் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. “வேற ஆள் வந்தா அவர் மூக்கும் போகும். அப்புறம் அவரையும் அனுப்பிட்டு இன்னொருத்தரா? இவரும் போகமாட்டார் சார். ஃபேன் சுத்தாம ஒரு வால்வும் கொக்கியில ஏறாது.”

“சாயங்காலம் லாரி வருதும்மா.”

“வரட்டும் சார்.”

ஒருத்தி கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அடுத்தவளும் வைத்தாள். பத்து ஜோடியும் சேர்ந்ததும் முதலாளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடி வழியாக அவர் யார் யாருக்கோ போன் செய்வது தெரிந்தது. ஃபேன் சுற்றத் தொடங்குமோ, நாளைக்கு ஷட்டரில் புதுப் பூட்டுத் தொங்குமோ, அங்கே ஒருவருக்கும் தெரியாது. பயம் எல்லோருக்கும் இருந்தது. ஆனால் எழுந்து போனவர் யாரும் இல்லை.

சாப்பாட்டு வேளை வந்தது. தொட்டிக்காரர் பழக்கத்தில் டிரம் பக்கம் நடந்தார்.

“அங்க எங்கண்ணே போறீங்க?” என்று கொக்கி அக்கா நகர்ந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்ததும், “ரெண்டு மாசமா உங்களை என்னென்னவோ பேசிட்டேண்ணே” என்றாள்.

“என்ன பேசினீங்க?”

“சாப்பிடும்போது சொல்ற வார்த்தையா அதெல்லாம்?”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கண் கலங்கியது. பக்கத்தில் இருந்தவள் தன் டப்பாவிலிருந்து அவர் மூடியில் அள்ளி வைத்து, “நல்லா காரமா மணக்குதுண்ணே, பார்த்துச் சாப்பிடுங்க” என்றாள்.

இரண்டு வாய் சாப்பிட்டவர் சட்டென்று எழப் பார்த்தார். “ஹீட்டரை அணைச்சு நாலு மணி நேரமாச்சு. சூடு இறங்கிடும்மா. ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்.”

கொக்கி அக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“உட்காருங்கண்ணே. ஆறட்டும்.”

அவர் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். பதினாறு வருஷத்தில் ஒரு நாளும் வேலை நேரத்தில் அதை அவர் ஆறவிட்டதில்லை. பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தார்.